காரின் மின்விசை ஏரியல்: பழுதும் பரிகாரமும்

பழைய கார் ஒன்றில் அமர்ந்து வானொலியை இயக்கியதும், வண்டியின் மட்கார்டிலிருந்து ஓர் உலோகக் கம்பம் மெல்லிய ஓசையுடன் தானே நிமிர்ந்து எழுவதை வாசகர்களிற் சிலர் கண்டிருக்கலாம். வானொலியை நிறுத்தியவுடன் அக்கம்பம் மீண்டும் வண்டியின் உடலுக்குள் ஒடுங்கிவிடும். மின்விசை ஏரியல் எனப்படும் இச்சாதனம் 1980-களிலும் 1990-களிலும் செய்யப்பட்ட உயர்விலைக் கார்கள் பலவற்றில் அமைந்திருந்தது. ஜெர்மனியில் 1984-இல் வெளிவந்து, 1995 முதல் நம் நாட்டிலும் புனே நகரில் தயாரிக்கப்பட்ட மெர்ஸிடிஸ் பென்ஸ் டபிள்யூ 124 வகைக் காரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பிற்காலத்தில் கண்ணாடியிற் பதித்த மெல்லிய கம்பிகளும், கூரைமீது சுறாவின் துடுப்புப் போல் நிற்கும் சிறு கூடுகளும் இதன் இடத்தைப் பெற்றன. ஆயினும் பழைய வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஏரியல்களோ பெரும்பாலும் பாதியில் நின்றுபோன நிலையில் இருக்கின்றன.

இது வசதி படைத்தோரின் ஆடம்பரப் பொருளைப் பற்றிய செய்திதானே என்று எண்ணிவிட வேண்டுவதில்லை. புயலும் வெள்ளமும் வந்து கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழக்கும் வேளையில், வெளிக்களத்தில் இருப்பவருக்கு வண்டியிலுள்ள வானொலியே எச்சரிக்கை கேட்கும் கருவியாக நிற்பதுண்டு. அன்றியும், ஒரு சிறு பிளாஸ்டிக் உறுப்பு அறுந்தமைக்காக முழுச் சாதனத்தையும் குப்பையில் எறிவது, பழுது பார்க்கும் கலையை நாம் இழந்துவருவதற்கு ஓர் அடையாளம். இச்சாதனத்தின் உள்ளமைப்பை அறிந்தவர், அதைக் கழற்றுவதற்கு முன்னரே குறை எங்குள்ளது என்பதைக் காதினால் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

இரண்டு பாட்டரிகள் கற்பித்த பாடம்

தில்லியில் வாழும் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர், இத்தகைய பழைய கார் ஒன்றை வாங்கினார். ஏரியல் ஒரு சாண் அளவே வெளியில் நின்றது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில் காலை வேளையில் வண்டி கிளம்ப மறுத்தது. பாட்டரி பழையது என்று சொல்லப்பட்டது, புதியது வாங்கினார். இரண்டு மாதங்களில் அதுவும் வலுவிழந்தது. மற்றொன்றும் வாங்கினார். பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில் வண்டியின் மின்னாக்கியையே மாற்ற வேண்டும் என்று கூறினர்.

ஒருநாள் இரவு, தெருவில் சந்தடி அடங்கிய பின், டிக்கியிலிருந்து ஏதோ பொருளை எடுக்கச் சென்றவர் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசையைக் கேட்டார். ஏரியலின் மோட்டார் ஓய்வின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. அவ்வண்டியின் அமைப்பில், கம்பம் முழுவதும் கீழிறங்கிய பின்னரே மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு இயங்கும். கம்பத்தை இழுக்கும் நாண் அறுந்துவிட்டமையால் அச்சுவிட்சுக்கு வேலையே ஏற்படவில்லை. ஆகவே வானொலியை நிறுத்திய பின்னும் மோட்டார் பாட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. காஷ்மீரி கேட் உதிரிப்பாகக் கடைவீதியில் வாங்கிய ஒரு கம்பமும், ஒரு மாலைப்பொழுதின் உழைப்பும் இக்குறையைத் தீர்த்தன. நாற்பதாண்டுக் காலம் மாணவர்களுக்கு மின்னியல் கற்பித்த தாம், முதலில் செவிகொடுத்துக் கேளாமல் பாட்டரி வாங்கச் சென்றதை அவர் இன்றும் சிரித்தபடியே சொல்லுவார்.

கம்பத்தின் நீளம் ஏன் அவ்வளவு?

ஏரியலின் பழுதைப் பேசுமுன் அதன் தொழிலை அறிதல் வேண்டும். வானொலி அலைகள் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அலையின் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எடுத்துக்கொண்டு, அதனால் 300-ஐ வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். பண்பலை ஒலிபரப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் என்பது நடுத்தரமான அதிர்வெண். அதன் அலைநீளம் 3 மீட்டர். அதிற் காற்பங்கு 75 சென்டிமீட்டர். முழுவதும் எழுந்து நிற்கும் கார் ஏரியலின் நீளமும் ஏறக்குறைய இவ்வளவே என்பது தற்செயலாக நேர்ந்ததன்று. அலைநீளத்திற் காற்பங்கு நீளமுள்ள கம்பம் அவ்வலைக்கு நன்கு இசைந்து அதிர்கின்றது.

அரைப்பங்கு வேண்டிய இடத்தில் காற்பங்கு எவ்வாறு போதுமானது என்ற வினா எழலாம். வண்டியின் உலோக உடல் ஒரு நிலைக்கண்ணாடி போல் அமைந்து, கம்பத்தின் பிம்பமாக மற்றொரு காற்பங்கைத் தருகின்றது. எனவே கம்பத்தின் அடிப்பகுதி வண்டியின் உடலோடு துப்புரவான உலோகத் தொடர்பு கொண்டிருத்தல் இன்றியமையாதது. அவ்விடத்தில் துருவோ வர்ணமோ குறுக்கிட்டால், நிலையங்கள் மங்கி, இயந்திரத்தின் தீப்பொறி இரைச்சல் வானொலியில் ஓங்கி ஒலிக்கும்.

மத்திய அலையின் நிலை வேறு. 1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் அலைநீளம் 300 மீட்டர். அதிற் காற்பங்கு 75 மீட்டர். அவ்வளவு நீளமான கம்பத்தை எந்த வண்டியும் சுமக்க இயலாது. அங்கே கார் ஏரியல் ஒரு சிறு துளாவுகோல் மட்டுமே. கம்பத்தின் நீளம் குறையுமளவிற்கு ஏற்பும் குறையும். அருகிலுள்ள நிலையம் கேட்கும். தொலைவிலுள்ளது இரைச்சலில் மறையும். ஒரு சாண் கம்பத்தோடு ஓடும் வண்டியில் நகருக்குள் குறை தெரியாமலும், நெடுஞ்சாலையில் வெளிப்படையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். அலை சிறிதானால் ஏரியலும் சிறிதாகலாம். 1890-களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளைக் கொண்டு ஆராய்ந்தமையால், மேசைமீது வைக்கும் சிறு கருவிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

உள்ளே இருப்பவை

மின்விசை ஏரியலில் நான்கு முக்கிய பகுதிகள் உள்ளன.

முதலாவது, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் உலோகக் குழல்களாலான கம்பம். இரண்டாவது, அக்கம்பத்தின் நுனிக்குழலோடு பிணைக்கப்பட்டு, எல்லாக் குழல்களின் நடுவே கீழிறங்கும் நைலான் நாண். இந்நாணின் ஒரு பக்கத்தில் ரம்பத்தைப் போன்ற பற்கள் வெட்டப்பட்டிருக்கும். மூன்றாவது, 12 வோல்ட் நேர்மின் மோட்டாரும், அதன் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் பற்சக்கரங்களும். கடைசிப் பற்சக்கரம் நாணின் பற்களைக் கவ்வி அதை மேலே தள்ளும். அல்லது கீழே இழுத்து ஒரு வட்டப் பெட்டிக்குள் சுருட்டி வைக்கும். நான்காவது, மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தின் திசையை மாற்றும் ரிலே.

நாணை இழுப்பது எளிது, தள்ளுவது அரிது. கயிற்றைத் தள்ள முடியாது என்பதைக் குழந்தையும் அறியும். எனவே இந்நாண் வளையத் தக்க மென்மையும், தள்ளத் தக்க விறைப்பும் ஒருங்கே உடையதாக இருத்தல் வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் முதன்முதலாக உருவான நைலானும், அதனையொத்த பிற பிளாஸ்டிக்குகளும் இத்தேவையை நிறைவு செய்தன. குழல்கள் நாணைச் சுற்றி நிற்பதால் அது பக்கவாட்டில் நெளியாமல் நேரே உயர்கின்றது.

பற்சக்கரத் தொகுதிக்குள் வழுக்கும் கிளட்ச் ஒன்றும் உண்டு. கம்பம் உச்சியை அடைந்த பின்னும், அல்லது மரக்கிளையில் தடைப்பட்டு நின்ற பின்னும் மோட்டார் ஒரு கணம் சுழலக்கூடும். அவ்வேளையில் வில்லினால் அழுத்தப்பட்ட தட்டுகள் வழுக்கி, மோட்டார் கருகாமலும் பற்கள் உடையாமலும் காக்கின்றன. இறுதியில் கேட்கும் சிறிய கடகட ஓசை இதனாலேயே உண்டாகிறது.

நாண் ஏன் அறுகின்றது?

வெயிலில் நிற்கும் வண்டியின் மட்கார்டு கடுமையாகச் சூடேறும். ஆண்டுக்கணக்கில் அவ்வெப்பத்தில் கிடக்கும் நைலான் தன் மென்மையை இழந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. குழல்களின் மீது படியும் தூசியும் சாலை அழுக்கும் உராய்வைப் பெருக்குகின்றன. கம்பம் சிறிது வளைந்துவிட்டாலோ, ஒவ்வொரு முறையும் நாண் இயல்புக்கு மீறிய விசையைத் தாங்க நேர்கிறது. இறுதியில் தாழ்ந்த வாயில் ஒன்றில் இடிபட்டோ, காரணம் ஏதும் தோன்றாமல் ஒரு காலைப்பொழுதிலோ அது அறுந்துபோகின்றது. தொகுதி முழுவதிலும் மலிவான உறுப்பு அறுந்து, விலை உயர்ந்த மோட்டாரைக் காப்பாற்றியது என்றே கொள்ளுதல் தகும்.

கேட்டு அறிதல்

கருவிகளைக் கையில் எடுக்குமுன், ஒருவர் வானொலியை இயக்க, மற்றொருவர் ஏரியலின் அருகில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மோட்டார் தங்குதடையின்றிச் சில வினாடிகள் சுழன்று நிற்கிறது, கம்பம் அசையவில்லை என்றால், நாண் அறுந்திருக்கிறது அல்லது அதன் பற்கள் தேய்ந்திருக்கின்றன. மிகுதியாகக் காணப்படுவது இக்குறையே.

தொடக்கத்திலிருந்தே கடகட ஓசை எழுந்து, கம்பம் சிறிதளவே அசைந்தால், கம்பம் வளைந்தோ அழுக்கால் இறுகியோ இருக்கின்றது, கிளட்ச் வழுக்குகின்றது. முதலில் கம்பத்தைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஓசையே எழாவிடில் மின்சாரத்தைத் தேட வேண்டும். பியூஸ் முதலில்; பின்னர் கம்பிகள். பொதுவாக மூன்று கம்பிகள் வருகின்றன: எப்பொழுதும் 12 வோல்ட் உள்ள ஒன்று, எர்த் ஒன்று, வானொலி இயங்கும்போது மட்டும் 12 வோல்ட் பெறும் ஆணைக்கம்பி ஒன்று. நிறங்கள் வண்டிக்கு வண்டி மாறுபடுவதால் நிறத்தை நம்பாமல் சோதனை விளக்கையோ மல்டிமீட்டரையோ கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

ஓசை நிற்பதே இல்லை எனில், உடனே அதற்குரிய பியூஸைக் கழற்றிவிடுக. மற்றவற்றைப் பின்னர் ஆராயலாம். பாட்டரி அதுவரை பிழைத்திருக்கும்.

வானொலிப் பெட்டியை மாற்றிய வண்டிகளில் ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. பிற்காலத்தில் பொருத்தும் பெட்டிகளில் ஏரியலுக்கென ஒரு நீலக் கம்பி இருப்பது வழக்கம். அது ரிலேக்கு ஆணையிடுவதற்கு மட்டும் போதுமான சிறிய மின்னோட்டத்தைத் தரவல்லது. அதனை நேரடியாக மோட்டாரோடு இணைத்தால், மோட்டார் கேட்கும் பெரிய மின்னோட்டத்தைத் தர இயலாமல் வானொலிப் பெட்டியே பழுதாகிவிடும்.

பழுது பார்க்கும் முறை

நாணே குறை என்று தெளிந்தால், நாணோடு கூடிய புதிய கம்பத்தை மட்டும் வாங்கினாற் போதும். வண்டியின் பெயர், ஆண்டு, ஏரியலைச் செய்த நிறுவனத்தின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்க. பழைய கம்பத்தையும் உடன் கொண்டுசென்று, அடிக்குழலின் பருமன், நாணின் பருமன், பற்களின் இடைவெளி ஆகியவற்றை ஒப்பிடுதல் நலம்.

கம்பத்தின் அடியில், மட்கார்டுக்கு மேல் தெரியும் நட்டை முதலில் கழற்றுக. அதில் ஸ்பானர் பிடிக்கும் பக்கங்கள் இராமல், இரண்டு பள்ளங்கள் மட்டும் இருக்கலாம்; கூர்மூக்குக் குறடு அதற்கு உதவும். வர்ணம் கீறாதவாறு சுற்றிலும் துணி விரித்துக்கொள்க. பின்னர், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, உதவியாளரை வானொலியை இயக்கச் சொல்லுக. நாணின் ஒரு பகுதி பற்சக்கரத்தில் இன்னும் சிக்கியிருந்தால் மோட்டாரே அதை மேலே தள்ளிவிடும்; கையால் மெல்ல வாங்கிக்கொள்ளலாம்.

வெளிவந்த துண்டுகள் அனைத்தையும் தரையில் வரிசையாக வைத்து அளந்து, புதிய நாணின் நீளத்தோடு ஒப்பிடுவது மிக முக்கியம். நீளம் குறைந்தால், மீதித் துண்டு உள்ளே இருக்கின்றது. அதனை விட்டுவிட்டுப் புதியதைச் செலுத்தினால் புதியதும் சிக்கிச் சிதையும். இந்நிலையில் தொகுதி முழுவதையும் வெளியே எடுத்தல் வேண்டும். டபிள்யூ 124 போன்ற வண்டிகளில் ஏரியல் பின்புற மட்கார்டில் அமைந்திருப்பதால் டிக்கியின் உட்புறத்திலிருந்து அதனை அடையலாம். பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி, மின்கம்பிகளையும் வானொலிக்குச் செல்லும் ஏரியல் கம்பியையும் விடுவித்து, தாங்கியின் திருகுகளை அகற்றினால் தொகுதி கைக்கு வரும். வட்டப் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது கண்களைக் காத்துக்கொள்க; உள்ளே வில் இருக்கக்கூடும். வளையங்களும் தட்டுகளும் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது பிற்பாடு பெருந்துணையாகும். நொறுங்கிய நைலான் துணுக்குகளை முற்றும் நீக்கி, கட்டிப்போன பழைய பசையைத் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய கிரீஸைப் பற்சக்கரங்களுக்குச் சிறிதளவே இடுக.

தொகுதியை மீண்டும் பொருத்துமுன் அதன் அடியிலுள்ள நீர்வடிகுழாயைச் சோதித்தல் வேண்டும். கம்பத்தோடு உள்ளே இறங்கும் மழைநீர் இக்குழாய் வழியே வண்டிக்குக் கீழே செல்ல வேண்டும். அது அடைபட்டால் நீர் மோட்டாரை அடையும். டிக்கியின் தகடும் துருப்பிடிக்கும்.

இனிப் புதிய கம்பத்தைச் செலுத்தலாம். குழல்களை முழுவதும் நீட்டி, நாணைக் கையால் நேராக்கிக்கொள்க. பழைய நாணின் பற்கள் எத்திசை நோக்கி இருந்தனவோ அத்திசையிலேயே புதியதன் பற்களும் இருத்தல் வேண்டும். நாணைத் துளைக்குள் மெல்ல இறக்கினால், ஓரிடத்தில் அது பற்சக்கரத்தைத் தொட்டு நிற்பது விரல்களுக்குத் தெரியும். அப்பொழுது, முன்னரே இயங்கிக்கொண்டிருக்கும் வானொலியை உதவியாளர் நிறுத்த வேண்டும். மோட்டார் கீழ்நோக்கிச் சுழன்று நாணைக் கவ்வி உள்ளிழுக்கும். கம்பத்தைச் செங்குத்தாகத் தாங்கி, விரல்கள் குழல்களின் இடையில் சிக்காதவாறு உடன் செல்லவிடுக. வலிந்து தள்ள வேண்டா. முதல் முறை கவ்வாவிடில், நாணைச் சிறிது திருப்பி, வானொலியை இயக்கி நிறுத்தி மீண்டும் முயல்க. கம்பம் முழுவதும் இறங்கிய பின் நட்டை முடுக்கி, இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தால் பணி முடிந்தது.

இதன்பின் மாதம் ஒருமுறை கம்பத்தை முழுவதும் ஏற்றி, துணியால் துடைத்துவருதல் போதிய பராமரிப்பாகும். கம்பத்தின்மீது கிரீஸ் தடவுதல் தவறு. அது தூசியைப் பிடித்துக் குழல்களுக்கிடையே சாணைக்கல் போன்ற ஒரு பசையை உண்டாக்கும்.

வகுப்பறைக்கு ஒரு துணைக்கருவி

பழுதான ஏரியல் தொகுதி ஒன்று ஆசிரியருக்குக் கிடைத்தால் அதை விடற்க. அடைப்பைத் திறந்து ஒரு பலகையில் பொருத்திவிட்டால், உயர்நிலைப் பள்ளிப் பௌதிகத்தின் பல பாடங்கள் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். ரிலே நீக்கிய மோட்டாரின் முனைகளை 12 வோல்ட் பாட்டரியில் மாற்றி மாற்றி இணைத்தால், மின்னோட்டத்தின் திசை மாறச் சுழற்சியின் திசையும் மாறுவதை மாணவர் நேரில் காண்பர். பற்சக்கரங்களின் பற்களை எண்ணி வேகக்குறைவைக் கணக்கிடச் செய்யலாம். கம்பத்தை அளந்து, அது எந்த அதிர்வெண்ணுக்குக் காற்பங்கு நீளமாகும் என்று கேட்கலாம். கம்பத்தைக் கையால் மெல்லத் தடுத்து, கிளட்ச் வழுக்கும் ஓசையைக் கேட்கச் செய்து, அக்காப்பு இல்லாவிடில் என்ன நேரும் என்று சிந்திக்கத் தூண்டலாம்.

நமது நண்பர் தம் வண்டியிலிருந்து எடுத்த நைலான் துண்டுகளை இன்றும் ஒரு கண்ணாடிச் சீசாவில் வைத்திருக்கின்றார். தம்மிடம் பாடம் கேட்க வரும் சிறுவர்களிடம் அவற்றைக் காட்டி, இரண்டு பாட்டரிகளின் விலையையும் அந்நாணோடு வந்த கம்பத்தின் விலையையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவது அவர் வழக்கம். அதன் பிறகே பாடத்தைத் தொடங்குகிறார்.